சோயா மொச்சையும் அதன் ஆகார உபயோகங்களும்

பயறு வகைகளுள் சோயா மொச்சையைப் போல் புகழப்பட்டது வேறொன்றுமில்லை. ஆயினும் அப்புகழைக் கேட்டு அதனை விதைத்த குடியானவர்களுள் நான் அறிந்த பலர் ஒரே போகத்தோடு அதைக் கைவிட்டு விட்டனர். பயிர் விளையாமையால் அன்று; விளைந்ததை உண்ண முடியாமையால். இவ்வாறு நேர்வதற்குக் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை நிலமுடைய குடியானவர்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் விளங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதில் என் குற்றமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஆடிப் பட்டத்தில் ஒரு கிராமத்தில் பன்னிரண்டு மிராசுதாரர்களுக்கு, ஆளுக்குப் பத்து சென்ட் நிலத்துக்குப் போதுமான சோயா விதையைக் கொடுத்து விதைக்கச் செய்தேன். மழை வேண்டிய சமயத்தில் பெய்தது. செடிகள் முழங்கால் உயரம் வளர்ந்து, கணுவுக்குக் கணு காய்த்தன. அறுவடையன்று ஊரார் எல்லோரும் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். “துவரையைக் காட்டிலும் இரு மடங்கு சத்துள்ளது, பருப்பைப் போல் வேகவைத்து உண்ணுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குச் சென்றேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பியபோது எவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. வீடுகளில் நடந்தது இதுதான்: துவரம் பருப்பைப் போல் கழுவிப் பானையிலிட்டு ஒரு மணி நேரம் எரித்தும் அது குழையவில்லை. பச்சை வாசனை வீடெங்கும் வீசிற்று. அரைவேக்காட்டில் கடைந்து உண்டவர்களுக்கு வயிறு உப்பிற்று. குழந்தைகளுக்குப் பேதி கண்டது. “ஐயா, தாங்கள் கொடுத்தது எங்கள் நிலத்தில் விளைந்தது, எங்கள் பானையில் விளையவில்லையே” என்றார் ஒரு பெரியவர். மிச்சத்தை மாட்டுக்கு வைத்தனர். மறு ஆண்டு விதைக்கென்று குதிரில் வைத்திருந்த இருவருக்கு மூன்றில் ஒரு பங்கு விதைகூட முளைக்கவில்லை. அதன் பின்னர் அவ்வூரில் சோயா என்ற பெயரை நான் எடுக்க முடியவில்லை. அன்று நான் சொல்லத் தவறியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

செடியின் இயல்பு

சோயா மொச்சை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஓராண்டுச் செடி. ஒன்றரை அடி முதல் மூன்று அடி வரை நிமிர்ந்து வளரும். தண்டிலும் இலையிலும் காயிலும் மெல்லிய சுணை உண்டு. இலை மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். வெண்மையாகவோ ஊதாவாகவோ மிகச் சிறிய பூக்கள் இலைக் கக்கத்தில் தோன்றி, தம் மகரந்தத்தாலேயே கருவுறும். காயொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று விதைகள் இருக்கும். விதை பெரும்பாலும் மஞ்சள் நிறம்; கறுப்பு, பழுப்பு, பச்சை நிறங்களும் உண்டு. வேர்களில் உள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகாயத்திலுள்ள தழைச்சத்தை இழுத்துச் செடிக்குக் கொடுக்கின்றன.

இதன் பிறப்பிடம் கிழக்கு ஆசியா. சீன தேசத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயிராகி வருகிறது. அங்கிருந்து கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளுக்கும் பரவிற்று. ஜப்பானில் வசித்துத் திரும்பிய ஜெர்மானிய வைத்தியர் கெம்ப்பர் என்பவர் 1712-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இச்செடியையும் அதிலிருந்து செய்யப்படும் உணவுகளையும் ஐரோப்பியருக்கு விவரித்தார். இன்று உலகில் இதனை மிகுதியாக விளைவிப்பவை பிரேஸிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுமாம். இந்தியாவில் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகியவற்றிலேயே இது பெரும் பயிர். நாடு முழுவதும் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் விதைக்கப்படுகிறது. தமிழ் நாட்டில் சாகுபடி மிகக் குறைவு. எனினும் சோயாவை நாம் அறியாதவர்கள் அல்லோம். நாமக்கல் பகுதிக் கோழிப் பண்ணைகளில் இடப்படும் தீனியில் எண்ணெய் நீக்கிய சோயாப் பிண்ணாக்கு முக்கியமானது. கடைகளில் ‘மீல் மேக்கர்’ என்று விற்கும் உருண்டைகளும் அப்பிண்ணாக்கின் மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்தின் வழியே பிதுக்கிச் செய்தவையே. ஆகவே ஆலையில் பக்குவமான சோயாவை நாம் முன்னரே உண்கிறோம்; வயலிலிருந்து நேரே வரும் சோயாவைத்தான் பக்குவம் செய்ய அறியோம்.

பிற நாட்டார் உண்ணும் முறை

இப்பயறு பிறந்த நாடுகளில் ஜனங்கள் இதனை எவ்வாறு உண்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு முக்கியமான விஷயம் தெரிய வரும். முற்றிய சோயாவை நாம் பருப்பை உண்பது போல் வெறுமே வேகவைத்து உண்ணும் பழக்கம் அங்கெல்லாம் அரிது. ஏதேனும் ஒரு வகையில் அதன் உருவத்தையே மாற்றி உண்கிறார்கள்.

சீனர் விதையை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிக் கொதிக்கவைத்த பாலில் ஜிப்ஸம் கலந்து திரித்து, பாலாடைக் கட்டி போன்ற ‘டோஃபு’ செய்வர். ஜப்பானியர் அதனையே உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரால் திரிப்பர். வெந்த சோயாவை மசித்து, பூசணம் பூத்த அரிசியும் உப்பும் சேர்த்து மாதக் கணக்காகப் புளிக்கவைத்தால் அது ‘மிஸோ’. கோதுமையோடு சேர்த்து உப்பு நீரில் நெடுநாள் ஊறவைத்து வடித்தால் அது சோயாச் சாறு. வெந்த விதையை வைக்கோலில் பொதிந்து ஒரு நாள் கதகதப்பில் வைத்தால் நூல் நூலாக இழுபடும் ‘நாட்டோ’ ஆகும். ஜாவாத் தீவில் தோல் நீக்கி வேகவைத்த விதையில் ஒரு வகைப் பூசணத்தைத் தூவி, வாழையிலையில் மடித்து ஏறக்குறைய இரண்டு நாள் வைப்பர். விதைகள் வெண்ணிறப் பூசணத்தால் பிணைந்து ஒரே அடையாகிவிடும். அதற்கு ‘டெம்பே’ என்று பெயர்.

நம் இந்தியாவிலும் சோயா பழமையாக விளையும் மலைநாடுகளில் இவ்வாறே காண்கிறோம். நாகாலாந்தில் ‘அகுனி’, மணிப்பூரில் ‘ஹவாய்ஜார்’, மேகாலயத்தில் ‘துங்ரிம்பாய்’, சிக்கிமில் ‘கினிமா’ என்பவை யாவும் வெந்த சோயாவை இலையில் பொதிந்து புளிக்கவைத்த உணவுகள். குமாவுன் மலையில் ‘பட்’ எனப்படும் கறுப்புச் சோயாவை எண்ணெயில் வெடிக்க வறுத்து, பின் நீர் விட்டு நெடுநேரம் கொதிக்கவைத்து உண்பர்.

இத்தனை ஜாதியாரும் இதனை வெறுமே வேகவைத்து உண்ணவில்லை. பச்சையாகவும் அரைவேக்காடாகவும் உண்டால் இது உடலுக்கு ஒவ்வாது என்பதை அனுபவத்தால் அறிந்து, தத்தம் வழியில் பக்குவத்தைக் கண்டனர். நமக்கோ விதை மட்டும் வந்தது. பக்குவம் உடன் வரவில்லை. மொச்சை என்ற பெயரைக் கேட்டு அதனை மொச்சையைப் போலவே சமைத்தோம்.

நம் நாட்டில் நடந்த பரிசோதனைகள்

சோயாவை நம் ஜனங்களின் ஆகாரத்தில் சேர்க்கும் முயற்சி புதிதன்று. 1935-ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி ‘ஹரிஜன்’ பத்திரிகையில் இதனைப் பற்றி எழுதினார். வார்தாவில் மகன்வாடிச் சமையற்கூடத்தில் அங்கு வசித்தவர்களுக்குச் சோயாவைக் கொடுத்துப் பரீட்சிக்கவும் செய்தார். அக்காலத்தில் பரோடா சமஸ்தானத்திலும் இதனைப் பரப்ப முயன்றனர்.

அதே சமயத்தில் நமது நீலகிரியில் குன்னூரிலிருந்த போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையில் டாக்டர் அய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் நம் ஏழை ஜனங்களின் அரிசி ஆகாரத்தோடு பல பொருள்களைச் சேர்த்துக் கொடுத்துக் குழந்தைகளின் வளர்ச்சியை அளந்தனர். 1937-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், வெண்ணெய் நீக்கிய பால் கொடுத்த பயனைச் சோயா கொடுக்கவில்லை என்று கண்டனர். இதனால் சோயாவைப் பற்றிய ஆரவாரம் அடங்கிற்று. அந்த ஆராய்ச்சிச் சாலை 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய போஷாக்கு நிறுவனம் ஆயிற்று.

பின்னர் 1960-களில் ஜபல்பூரிலும் பந்த்நகரிலும் உள்ள விவசாயப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மஞ்சள் விதைச் சோயாவைப் பரிசோதித்தன. மாளவத்துக் கரிசல் நிலங்களில், மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த பூமியில், அது நன்கு வேரூன்றிற்று. ஆனால் அதுவும் எண்ணெய் ஆலைக்கும் தீவனத்துக்குமே பெரும்பாலும் சென்றது. விளைவித்தவன் வீட்டு அடுப்புக்குச் சென்றது சொற்பமே.

குன்னூர் ஆராய்ச்சியைக் காட்டிச் சோயாவை அறவே தள்ளுவோரும் உளர். சத்துக் கணக்கை மட்டும் காட்டிச் சோயாவே சகல ரோக நிவாரணி என்போரும் உளர். இரண்டும் தவறு. சோயா பால் ஆகாது. உளுந்தும் பாசிப்பயறும் உண்ணும் வீட்டில் அவற்றை அகற்றிச் சோயாவை வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பருப்பு விலையேறி, ரசமும் சோறுமே ஆகாரமாகிவிட்ட வீடுகள் நம் கிராமங்களில் இல்லாமல் இல்லை. அத்தகைய வீட்டில், பக்குவம் அறிந்து சேர்க்கும் ஒரு பிடி சோயா குழந்தைகளின் உடலில் தெரியும்.

விதையிலுள்ள சத்தும் தோஷமும்

அரிசியில் புரதம் நூற்றுக்கு 7 பங்கு அளவே உண்டு. துவரம் பருப்பில் 22, உளுத்தம் பருப்பில் 24. சோயாவிலோ இனத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப 36 முதல் 43 வரை உண்டு. அதனோடு நூற்றுக்கு 20 பங்கு எண்ணெயும் உளது. மேலும் அரிசிப் புரதத்தில் லைஸின் என்னும் கூறு குறைவு. சோயாவில் அது மிகுதி. சோயாவில் மெதியோனின் என்னும் கூறு குறைவு. அரிசி அக்குறையை ஈடு செய்யும். ஆதலால் இரண்டும் ஒரே வேளையில் சேர்ந்து உண்ணப்படும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இனித் தோஷங்களைக் கூறுவோம். அவை நான்கு.

முதலாவது, சோயா குழையாது. துவரையிலும் பாசிப்பயறிலும் பாதிக்கு மேல் மாவுப் பொருளே. வெந்ததும் அம்மாவு நீரை இழுத்து உப்பிக் குழைகிறது. முற்றிய சோயாவில் அத்தகைய மாவு அநேகமாக இல்லை. எனவே எத்தனை எரித்தாலும் அது மிருதுவாகுமேயன்றிக் கரையாது. கடைந்து குழம்பாக்க முயல்வது வீண்.

இரண்டாவது, பச்சை வாசனை. விதையினுள் ஒரு நொதியும் எண்ணெயும் தனித்தனியே உள்ளன. குளிர்ந்த நீரில் அரைக்கும்போது அவை ஒன்றுகூடி அந்த வாசனையை உண்டாக்குகின்றன. சூட்டினால் நொதியை முன்னரே அழித்துவிட்டால் வாசனை பிறக்காது. 1960-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கொதிநீர் விட்டு அரைக்கும் முறையை இதன்பொருட்டே கண்டனர். பிறந்துவிட்ட வாசனையை ஏலமும் கிராம்பும் மறைக்குமேயன்றி நீக்கா.

மூன்றாவது, ஜீரணத் தடை. நம் குடலில் புரதத்தைச் செரிக்கச் செய்யும் டிரிப்ஸின் என்னும் நொதியைத் தடுக்கும் ஒரு பொருள் பச்சைச் சோயாவில் உளது. 1917-ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன், மெண்டல் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளுக்குப் பச்சைச் சோயாவும் வெந்த சோயாவும் கொடுத்துப் பார்த்தனர். வெந்ததை உண்டவை வளர்ந்தன; பச்சையை உண்டவை வளரவில்லை. நன்கு ஊறிய விதையை முழு வேக்காடாக வேகவைத்தால் இத்தடைப்பொருள் பெரும்பாலும் அழியும். என் பேச்சைக் கேட்டு அரைவேக்காடாக உண்ட குழந்தைகளுக்குத் துன்பம் நேர்ந்தது இதனால்தான்.

நான்காவது, வாயு. நம் குடலில் செரியாத சில சர்க்கரைகள் சோயாவில் உண்டு. அவை குடலிலுள்ள கிருமிகளால் புளித்து வாயுவை எழுப்பும். ஊறவைத்த நீரையும் முதல் கொதி நீரையும் கொட்டிவிட்டால் அவற்றில் ஒரு பகுதி கழியும்.

வீட்டில் பக்குவம் செய்யும் முறைகள்

எந்தப் பண்டம் செய்வதாயினும் தொடக்கம் ஒன்றே. விதையைக் கல், சொத்தை நீக்கிக் கழுவி, மும்மடங்கு நீரில் இரவு முழுவதும் ஊறவைக்கவும். காலையில் அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். பின்னர் வேறொரு பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும் நீரில் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி சமையல் சோடா இட்டு, ஊறிய விதையை அதில் கொட்டி ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, அந்நீரையும் வடித்துவிடுக. குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பேற்றலாகாது; நீர் கொதித்த பின்னரே விதை விழ வேண்டும். இது மிகவும் முக்கியம். பின் கையால் பிசைந்தால் தோல் கழன்று மிதக்கும். மேற்கூறியவாறு பக்குவம் செய்ததையே கீழ்க்கண்டவற்றில் ‘பதம் செய்த சோயா’ என்று குறிக்கிறேன்.

சுண்டல்: பதம் செய்த சோயாவைப் பிரஷர் குக்கரில் இருபது முதல் இருபத்தைந்து நிமிஷம் வேகவைக்கவும். திறந்த பானையாயின் இரண்டு மூன்று மணி நேரம் செல்லும். விரலால் நசுக்கினால் நடுவில் கடினம் இராமல் நசுங்க வேண்டும். உப்பை இறுதியிலேயே சேர்த்து, கடுகு, மிளகாய், தேங்காய்த் துருவல் கொண்டு தாளிக்கவும். வெந்த சோயாவைப் புளிக்குழம்பிலும் கூட்டிலும் மற்றப் பயறோடு கலந்து இடலாம்.

மாவு: பதம் செய்த சோயாவை மேலும் அரை மணி நேரம் வேகவைத்து, வெயிலில் கலகலவென்று காயவைத்து, இலேசாக வறுத்து மில்லில் அரைக்கவும். ஒன்பது பங்கு கேழ்வரகு அல்லது கோதுமைக்கு ஒரு பங்கு சோயா போதும். களி, அடை, சப்பாத்தி எதிலும் ருசி மாறுபாடு தோன்றாது. இதில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நெடுநாள் வைத்தால் காறல் எடுக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய அளவே அரைத்துக் கொள்க.

இட்டலி, தோசை: உளுந்தில் கால் பங்கைக் குறைத்து அவ்விடத்தில் பதம் செய்த சோயாவைச் சேர்த்து அரைக்கலாம். முழுவதும் சோயாவாக மாற்ற வேண்டாம். மாவைப் பொங்கச் செய்யும் பசை உளுந்துக்கே உண்டு, சோயாவுக்கு இல்லை. முழுவதும் மாற்றினால் இட்டலி தட்டையாகிவிடும்.

பால்: கால் கிலோ சோயாவுக்கு இரண்டு லிட்டர் நீர் கணக்கு. பதம் செய்து தோல் நீக்கிய சோயாவை, அந்நீரில் ஒரு பகுதியைக் கொதிக்கவைத்து விட்டு நைய அரைக்கவும். ஆட்டுக்கல்லாயினும் கிரைண்டராயினும் சூடு குறையாமல் இருத்தல் நலம். மிக்ஸியில் கொதிநீரை நிரப்பி மூடினால் மூடி தெறித்து மேலே கொட்டும். சிறிது சிறிதாகவே விடவேண்டும். மீதி நீரையும் சூடாகச் சேர்த்து, தேங்காய்ப் பால் பிழிவது போல் மெல்லிய துணியில் பிழிக. வடித்த பாலை அடிப்பிடியாமல் துழாவிக்கொண்டு இருபது நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். முதலில் நுரைத்துப் பொங்கும். அது கொதி அன்று. நுரை அடங்கிய பின் கொதிக்கும் நேரமே கணக்கு. வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பருகலாம். இதன் புரதம் பசும்பாலின் அளவுக்கு ஏறக்குறைய ஒத்தது. ஆனால் சுண்ணாம்புச் சத்து அதனினும் குறைவு. பிழிந்த சக்கையைக் கொட்டிவிடாமல் அன்றே வடை, அடை மாவில் நன்கு வேகும்படி கலந்து உபயோகிக்கலாம்.

கட்டி: கொதித்து இறக்கிய ஒரு லிட்டர் பாலைச் சில நிமிஷம் ஆறவிட்டு, இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை நீரில் கலந்து மெதுவாக ஊற்றி ஒரு முறை துழாவிவிட்டு அசையாமல் வைக்கவும். கால் மணியில் திரிந்து நீர் பிரியும். துணியில் வடித்து அரை மணி நேரம் பாரம் ஏற்றினால் பனீர் போன்ற கட்டி கிடைக்கும். துண்டங்களாக்கிக் குழம்பிலோ பொரியலிலோ சேர்க்கலாம்.

பச்சைக் காய்: விதை முற்றி நிறைந்து, காய் இன்னும் பசுமையாக இருக்கும்போது பறித்து, உப்பு நீரில் கால் மணி கொதிக்கவைத்து உரித்து உண்ணலாம். இப்பருவத்தில் பச்சை வாசனை குறைவு. குழந்தைகள் விரும்பி உண்பர்.

சில எச்சரிக்கைகள்

வீட்டில் செய்த சோயாப் பாலைக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கலாகாது. சிலருக்குச் சோயா ஒவ்வாமை உண்டு. உடலில் தடிப்போ மூச்சு முட்டலோ கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்ல வேண்டும். தைராய்டு மருந்து உண்போர், சோயா அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக் கூடுமாதலால், வைத்தியரைக் கேட்டு நேரம் விட்டு உண்க. பச்சைச் சோயாவைக் கோழிக்கும் இளங்கன்றுக்கும் போடலாகாது. அவற்றுக்கும் ஜீரணத் தடை உண்டு. யூரியா கலந்த தீனியோடு பச்சைச் சோயாவை மாட்டுக்கு வைப்பதும் அபாயமாகும்.

சாகுபடிக் குறிப்புகள்

நீர் தேங்காத, நடுத்தர மண்ணுள்ள நிலம் ஏற்றது. ஆடி, புரட்டாசி, மாசிப் பட்டங்களில் விதைக்கலாம். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கோ 2, கோ (சோயா) 3 முதலிய இனங்கள் 75 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும். வரிசைக்கு வரிசை ஓர் அடியும், செடிக்குச் செடி இரண்டு அங்குலமும் விட்டு, ஓர் அங்குலத்துக்கு மிகாத ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஏக்கருக்கு 25 முதல் 32 கிலோ விதை செல்லும். தொழுவுரத்தோடு ஏக்கருக்குத் தழைச்சத்து 8 கிலோ, மணிச்சத்து 32 கிலோ, சாம்பல் சத்து 16 கிலோ இடலாம். முதல் நாற்பது நாள் களை அண்ட விடலாகாது. பூக்கும் சமயத்திலும் காய் நிரம்பும் சமயத்திலும் ஈரம் குறையலாகாது.

இரண்டு விஷயங்களைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒன்று, நுண்ணுயிர். உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் உரிய நுண்ணுயிர்கள் நம் மண்ணில் இயல்பாகவே உண்டு. சோயாவுக்கு உரியது வேறு. முன் சோயா விளையாத நிலத்தில் அது இராது. ஆதலால் சோயாவுக்கென்றே தயாரித்த ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். முப்பத்தைந்தாம் நாள் இரண்டு மூன்று செடிகளை மண்ணோடு பெயர்த்து வேர் முடிச்சுகளை அறுத்துப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. முடிச்சே இல்லாமலோ உள்ளே வெளுத்தோ இருந்தால் செடி தழைச்சத்துக்கு நிலத்தையே நம்பி நிற்கிறது என்று அறிக.

மற்றொன்று, விதை. சோயா விதையின் தோல் மிக மெல்லியது. முளை தோலை ஒட்டியே இருக்கிறது. கடுமையாக அடித்தாலும் வண்டி ஏற்றினாலும் வெளிக்குத் தெரியாமலே முளை நசுங்கிவிடும். உஷ்ணமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வைத்தால் சில மாதத்திலேயே முளைக்கும் சக்தி போய்விடும். குதிரில் வைத்தவர்களுக்கு நேர்ந்த நஷ்டம் இதனாலேயே. விதைக்கென்று ஒதுக்கும் காய்களை நன்கு உலர்த்தி, கோலால் மெல்லத் தட்டிப் பிரித்து, மீண்டும் நிழலில் உலர்த்திக் காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வைக்கவும். முந்திய போகத்து விதையையே விதைப்பது உத்தமம். விதைக்குமுன் நூறு விதைகளை நனைந்த சாக்கில் முளைக்க வைத்துப் பாருங்கள். எழுபதுக்குக் குறைந்தால் விதைக்க வேண்டாம்.

இலை மஞ்சளாகி உதிர்ந்து, காய் பழுப்பு நிறம் அடைந்ததும் தாமதியாமல் அறுக்க வேண்டும். நின்றால் காய் வெடித்து விதை சிதறும். வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் தேமல் நோயையும், இலையைத் தின்னும் புரோடீனியாப் புழுவையும் ஆரம்பத்திலேயே கவனித்தல் அவசியம்.

மகசூலைப் பற்றி மிகைபடக் கூற விரும்பவில்லை. இந்தியாவின் சராசரி ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன், அதாவது ஏக்கருக்கு 400 கிலோவாகும். நம் பக்கத்தில் வாங்குவோர் சிலரே. விற்பனைக்கென்று ஏக்கர் கணக்கில் விதைக்க எண்ணுவோர், யார் வாங்குவார், என்ன விலை கொடுப்பார் என்பதை விதைக்குமுன்னரே விசாரித்துக் கொள்க.

முடிவுரை

ஆகவே இப்பத்திரிகையை வாசிக்கும் குடியானவர்களுக்கு நான் சொல்வது இதுவே: சோயாவை முதலில் அடுப்பில் பரிசோதியுங்கள், பிறகு வயலில் பரிசோதியுங்கள். ஒரு கிலோ விதை வாங்கி மேற்கூறிய முறைகளுள் இரண்டொன்றைச் செய்து பாருங்கள். வீட்டார் விரும்பினால் ஐந்து சென்ட் விதையுங்கள். அது போதாது என்று வீட்டுப் பெண்மக்களே சொல்லும் நாளில் நிலத்தைப் பெருக்குங்கள். கிராம உத்தியோகஸ்தர்களும், ஊரில் புதிய விதை எதனையும் பகிர்ந்து கொடுக்கும் கூட்டத்தில், விதை மூட்டையை அவிழ்ப்பதற்கு முன் அடுப்பை மூட்டச் செய்வார்களாக. அக்கூட்டத்துக்கு ஆண்மக்கள் மட்டும் வந்தால் போதாது.

இவ்வாறு நான் வேறோர் ஊரில் செய்து பார்த்தேன். முதல் நாள் விதை ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் பால் காய்ச்சி, கேழ்வரகு அடை தட்டினோம். அவ்வூரில் இப்போது ஏக்கர் கணக்கில் சோயா இல்லை. ஆனால் ஏழெட்டு வீட்டார் கிணற்றங்கரை ஓரத்தில் ஆண்டுதோறும் நான்கு வரிசை ஊன்றுகிறார்கள். அடுத்த ஆண்டு விதையையும் தாங்களே வைத்துக் கொள்கிறார்கள். முதல் ஊரில் பன்னிரண்டு பேர் விதைத்தார்கள், ஒருவரும் உண்ணவில்லை. அந்த முதல் ஊருக்கும் வரும் ஆடிக்கு முன் விதையின்றி, ஒரு பாத்திரமும் துணியும் மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் செல்ல எண்ணியிருக்கிறேன்.